பிரிஜித்துக்குப் பதில் சொல்ல ஒருவர்

ஒவ்வொரு பிடி கோரையைப் பிடுங்கியதும் டெலியா நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. புகை வருகிறது என்றால் அடுப்பு எரிகிறது, அடுப்பு எரிகிறது என்றால் யாரோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார்கள், அந்த யாரோ தன் புருஷன் ஃபெர்கல்தான் என்று கணக்குப் போட்டுத் தன்னைத் தேற்றிக்கொண்டு மறுபடி குனிந்தாள். காய்ந்த சதுப்புமண் கட்டியை ஒருமுறை அடுக்கிவிட்டால் பக்கத்தில் ஆளே இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு அரை நாள் புகையும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஒரு வேலையும் நடக்காது.

ஜனவரியின் கடைசி நாள், புனித பிரிஜித் திருநாளுக்கு முந்தின நாள். ஏரிக்கரைத் தாழ்நிலம் முழுக்க கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. வெறுங்கையால் இழுத்து இழுத்து இரண்டு உள்ளங்கையும் சிவந்து போயிருந்தன. பிரிஜித்தின் கோரையில் இரும்பு படக்கூடாது. கத்தி, கத்தரிக்கோல், அரிவாள் எதுவும் ஆகாது. பிடுங்கத்தான் வேண்டும். மற்ற நாள் கூரைக்கோ மாட்டுக்கோ எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. இந்த ஒரு நாள் மட்டும் அப்படி.

"என்ன டெலியா, இன்னும் முடியலியா? நீ புடுங்குற வேகத்தப் பாத்தா பிரிஜித் அடுத்த வருஷம்தான் வருவா போல."

கல்சுவருக்கு அந்தப் பக்கம் மாலக்கி நின்றுகொண்டிருந்தான். மேட்டுக்கு அப்பால் தனியாக ஆடு வளர்த்துக்கொண்டு இருப்பவன், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன், பேச்சுத்துணைக்கு ஆள் தேடி அலைபவன். அவனைப் பார்த்ததும் டெலியா சட்டென்று வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எதுக்கு இங்க வந்தே? நான் வர்ற வரைக்கும் அவன்கூட உக்காந்திருன்னுதானே சொன்னேன்?"

"உக்காந்துதான் இருந்தேன். டீ போட்டுக் குடுத்தேன். என் டீயைக் குடிச்சுட்டு ரெண்டு வார்த்த பேசாதவன் இந்த லீட்ரிம் சீமையிலேயே கெடையாது. தொடக்கூட இல்ல அவன். ஆட்டுச் சந்த கதை சொன்னேன். புதுப் பாதிரியாரு சைக்கிளோட சாக்கடையில விழுந்ததச் சொன்னேன். செவத்துக்கிட்ட சொல்லியிருந்தாக்கூட ஒரு விரிசல் விட்டிருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் எழுந்து போயி கதவத் தொறந்து புடிச்சிக்கிட்டு நின்னான். என்னையே பாத்துக்கிட்டு. நான் என்ன பண்ண? தொப்பிய எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

டெலியா கோரைக் கட்டைக் கையில் அள்ளினாள். மாலக்கி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். கேலி போய்விட்டது குரலில்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அவன் பார்வை நல்லா இல்ல. நாளைக்குக் காலையில மச்சான் வண்டிய வாங்கிட்டு வர்றேன். வர்றானோ இல்லியோ, ரெண்டு பேருமாத் தூக்கிப் போட்டுக்கிட்டு டவுன் டாக்டர்கிட்ட கொண்டு போயிருவோம்."

"நாளைக்கு," என்றாள் டெலியா.

"இப்பவே வந்திருப்பேன். ஒரு ஆடு ஈனப் போவுது, மொத ஈத்து. நான் பக்கத்துல இல்லன்னா..."

"போ மாலக்கி. போய் அதப் பாரு."

அவன் மேடேறி மறைந்தான். பொழுது சாய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. சாய்ந்த பிறகுதான் கோரை வாசலுக்கு வரலாம். டெலியா சுவரோரம் உட்கார்ந்து புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபெர்கல் ஒரு காலத்தில் வாயை மூடாதவன். அதுவும் மாட்டுக்கொட்டகைக்குள் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றோடும் ஒரு வழக்கு, ஒரு சமாதானம். கட்டிக்கொண்டவளிடம் சொல்லாததை எல்லாம் மாட்டிடம் சொல்கிறானே என்று டெலியா கல்யாணமான புதிதில் பொறாமைப்பட்டது உண்டு. பிறகு பழகிவிட்டது. கொட்டகைச் சுவரில் காதை வைத்தால் அவன் மனதில் இருப்பது தெரிந்துவிடும், அது ஒரு சௌகரியம்.

போன இலையுதிர் காலத்தில் கால்நடை வைத்தியர் வந்து மாடுகளின் கழுத்தில் ஊசி போட்டுப் பார்த்தார். ஊசி போட்ட இடத்தில் ஒன்றுக்கு வீங்கியது. பிறகு இன்னொன்றுக்கு, அப்புறம் பலவற்றுக்கு. காசநோய் என்றார்கள். வீங்கியது வீங்காதது எல்லாவற்றையும் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொன்றுவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. லாரி வந்த அன்றைக்கு மாடுகள் பலகையில் ஏற மறுத்து முரண்டு பிடித்தன. டிரைவர் தடியை ஓங்கினான். ஃபெர்கல் அவன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டுத் தானே லாரிக்குள் ஏறி நின்றுகொண்டு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கூப்பிடக் கூப்பிட அவை பால் கறக்க வருவது மாதிரி வந்து ஏறின. கடைசி மாடும் ஏறிய பிறகு அவன் இறங்கினான், கதவைச் சாத்தினார்கள்.

அன்று சாயங்காலம் டெலியா வாயை அடக்கியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் அவை மாடுகள்தானே, அவளுக்கும் வயிறு எரிந்தது. அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அவள் சொன்னாள்: "பிரிஜித் கோரையில அருவாள வெச்சவன் நீதானே. அனுபவி."

விஷயம் இதுதான். வருஷா வருஷம் கோரை பிடுங்கி வந்து பிரிஜித்தாக வாசலில் நிற்பவள் அவர்களுடைய மகள் ஓர்லா. அவள் பாஸ்டனுக்குப் போய்விட்டாள். போன வருஷம் டெலியா காய்ச்சலில் படுத்திருந்தாள். வேறு வழியில்லாமல் ஃபெர்கலே போனான். மழை கொட்டியது, அவன் அரிவாளால் சரக்கென்று வெட்டி எடுத்து வந்துவிட்டான். மறுநாள் அந்தக் கோரையில் வழக்கமான பிரிஜித் சிலுவையைப் பின்னும்போது கோரையின் அடி சீராக வெட்டுப்பட்டிருப்பதை டெலியா பார்த்தாள். வேர் இல்லை, சேறு இல்லை. பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் பின்னினாள். அந்தச் சிலுவையைத்தான் கொட்டகை வாசலில் மாடுகளுக்குக் காவலாக மாட்டினார்கள். பாவம் என்று பார்த்தால் இருவருக்கும் பங்கு இருந்தது. ஆனால் அவள் மொத்தத்தையும் தூக்கி அவன் தலையில் போட்டுவிட்டாள்.

அதோடு அவன் பேச்சை நிறுத்திவிட்டான். அவளோடு மட்டும் இல்லை, யாரோடும். முதலில் இது கோபம் என்று நினைத்தாள். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு சாப்பாடு குறைந்தது, தூக்கம் போயிற்று. கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள், ஏரிக்கரையில் தண்ணீரைப் பார்த்தபடி அவன் வெகுநேரம் நிற்பதைக் கண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. அவன் எழுந்தால் எழுந்தாள், கதவருகே போனால் பின்னாலேயே போனாள். தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் ஒரு மனுஷனைக் கொன்றுவிடப் போகிறது என்ற பயத்திலேயே தினமும் விடிந்தது.

பிறகுதான் இந்த யோசனை வந்தது. வாசலில் பிரிஜித்தாக நிற்பவர் கேட்க, உள்ளேயிருந்து பதில் சொல்ல வேண்டியவன் வீட்டுக்காரன். அவனே கோரைக்குப் போன அந்த ஒரு வருஷத்தைத் தவிர, கல்யாணமான நாள் முதல் ஃபெர்கல் அதை விட்டதே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மண்டிபோட்டு, கொட்டகை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவான். சர்ச்சில் பிரிஜித்தைப் புனிதை என்கிறார்கள். சர்ச் கட்டுவதற்கு வெகுகாலம் முன்னாலேயே அவள் இங்கே தெய்வமாக இருந்தாள் என்பது ஊருக்கே தெரியும், பாதிரியாருக்கும் தெரியும். அடுப்பு அவளுடையது, மடியில் சுரக்கும் பால் அவளுடையது. சிவந்த காதுள்ள வெள்ளைப் பசுவோடு இந்த ஒரு சாயங்காலம் அவள் வீடு வீடாக வருகிறாள். என்னோடு பேசாவிட்டால் போகட்டும், அவள் வாசலில் வந்து நின்று கேட்டால் பதில் சொல்லாமல் இருந்துவிடுவானா என்று டெலியா நினைத்தாள். ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டால் போதும், மற்றது பின்னாலேயே வரும்.

காலையில் அவனிடம் சொல்லியும் விட்டாள். "சாயங்காலம் கோரையோட வருவேன். நீதான் பதில் சொல்லணும். வேற ஆள் கெடையாது." அவன் தலையைத் தூக்கவில்லை.

ஏரிக்கு அந்தப்பக்கக் குன்றின் பின்னால் வெளிச்சம் போனதும் எழுந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். வீட்டை மூன்று முறை வலம் வர வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் முன்வாசலில் நின்று தட்டிக் கேட்க வேண்டும். மூன்றாவது முறையும் பதில் வந்த பிறகுதான் கதவு திறக்கும்.

முதல் சுற்றில் சமையலறை ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. அடுப்பு முன்னால் நாற்காலியில், காலையில் எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படியே. உயிர் வந்தது டெலியாவுக்கு. மேஜையில் அவள் மசித்து வைத்துவிட்டுப் போன உருளைக்கிழங்கு, நடுவில் வெண்ணெய்க் குழியோடு, கை படாமல் இருந்தது. பின்கதவு சாத்தியிருந்தது. சுற்றி வந்து முன்கதவைத் தட்டினாள்.

"மண்டி போடுங்க! கண்ணத் தொறங்க! பிரிஜித்த உள்ள விடுங்க!"

அவள் குரல் அவளுக்கே வேற்றாளுடையது மாதிரி கேட்டது. 'வரட்டும், அவ வீடுதான் இது, நல்லா வரட்டும்' என்று உள்ளேயிருந்து வர வேண்டும். அவள் காத்திருந்தாள். கடிகாரம் ஓடுவது கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

சரி, முதல் தடவைதானே என்று சொல்லிக்கொண்டாள். இரண்டாவது சுற்று. முதுகு அங்கேயே இருந்தது. கண்ணாடியைத் தட்டிவிடலாமா என்று கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள். முன்வாசலுக்கு வந்து இன்னும் பலமாகத் தட்டினாள்.

"மண்டி போடுங்க! கண்ணத் தொறங்க! பிரிஜித்த உள்ள விடுங்க!"

மழை பிடித்துக்கொண்டது. கடிகாரம் ஓடியது. டெலியா கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்தாள். அதற்குமேல் அவளால் பிரிஜித்தாக இருக்க முடியவில்லை.

"ஃபெர்கல், நான்தான். கேக்குதா? அருவாளும் இல்ல ஒண்ணும் இல்ல. நோவு அது, நோவு வந்துச்சு, எத்தன ஊர்ல வந்துச்சு, அங்கெல்லாம் அருவாள வெச்சா வந்துச்சு? எனக்கு வயித்தெரிச்சல், உம்மேல கொட்டிட்டேன். அந்தக் கோரைய நானும் பாத்தேன். பாத்துட்டு நானேதான் பின்னுனேன். உன்ன மட்டும் சொன்னேன். நான் சொன்னது தப்பு. நீ கூப்புட்டுத்தான் ஏத்துன, தடி படாம ஏத்துன, அத யாரு செய்வா? என்கூடப் பேச வேணாம், வாழ்நாள் பூரா பேச வேணாம். அவளுக்கு ஒரு வார்த்த சொல்லு. ஒரே ஒரு வார்த்த."

உள்ளே நாற்காலி தரையில் உராயும் சத்தம் கேட்டது.

எழுந்துவிட்டான். டெலியா வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து மண்டிபோட வருகிறான், அவனுக்கு முட்டி வலி உண்டு, மெதுவாகத்தான் வருவான், வரட்டும். மூன்றாவது சுற்றுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். கோரையை மார்போடு அணைத்துக்கொண்டு, இந்த வயதில் சிரிப்பும் அழுகையுமாக, வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே சுற்றினாள். ஜன்னலில் நாற்காலி காலியாக இருந்தது. கதவருகே போயிருப்பான். இன்னும் வேகமாக நடந்தாள்.

பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். பின்கதவு திறந்து கிடந்தது, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். முன்கதவருகில் யாரும் இல்லை. மாட்டியிருந்த கோட்டு அப்படியே இருந்தது. கோட்டுப் போடாமல் போயிருக்கிறான்.

கோரைக் கட்டு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. முதலில் கொட்டகைக்கு ஓடினாள். இருட்டு, காய்ந்த சாணி வாடை. கையால் துழாவினாள், பெயரைச் சொன்னாள், அது காலித் தொட்டிகளில் பட்டுத் திரும்பி வந்தது. ஏரிப்பக்கம் ஓடினாள். கல்சுவரைத் தாண்டியதும் சேறு ஒரு காலணியை உருவிக்கொண்டது. நாலடி போனதும் மற்றக் காலும் முழங்கால்வரை இறங்கியது. தண்ணீர் எங்கே, நிலம் எங்கே என்று தெரியாத இருட்டு. மறுபடியும் அரிவாளைப் பற்றி அவனிடம் பேசினேனே, சமாதானம் சொல்கிறேன் என்று அதே புண்ணில் கையை வைத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஃபெர்கல்! ஃபெர்கல்!" என்று கத்தினாள். பெயர் பெயராக இல்லாமல் போய் வெறும் கூச்சலானது. பிரிஜித்தின் மகன் போரில் செத்தபோது அவள் வாய்விட்டு அழுதாளாம், இந்தத் தீவில் எழுந்த முதல் ஒப்பாரி அதுதானாம். அதற்கு முன்னால் இங்கே யாருக்கும் அழத் தெரியாதாம். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்டு டெலியா சிரித்திருக்கிறாள், அழக்கூடவா ஒருத்தி கற்றுக்கொடுக்க வேண்டும் என்று. இப்போது தன் தொண்டையிலிருந்து வருவதைக் கேட்டு அவளே பயந்தாள்.

கால் போகாத இடத்துக்குக் குரல் போகும். குரல் போகாத இடத்துக்கு வெளிச்சம் போகும். வேறொன்றும் அவளிடம் இல்லை. காலைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். பதில் வராமல், பின்வாசல் வழியாக, வெறுங்கையோடு உள்ளே போனாள். அப்படிப் போகக்கூடாது, யாரும் போனதில்லை, போனாள். சமையலறை விளக்கு, படுக்கையறை விளக்கு, ஓர்லாவின் அறை விளக்கு எல்லாவற்றையும் போட்டாள். திரைச்சீலைகளை இழுத்துத் தள்ளினாள். ஏரியைப் பார்த்திருந்த முன்கதவின் தாழை நீக்கி அகலத் திறந்தாள். வெளிச்சம் முற்றத்தைத் தாண்டி, மழையைத் தாண்டி, கல்சுவர் வரைக்கும் போய் நின்றது.

வெளியே நிற்பவரைத்தான் உள்ளே இருப்பவர் அழைக்க வேண்டும். இப்போது வெளியே நிற்பது அவன். டெலியா வாசலுக்கு உள்பக்கம் சேறும் நீருமாக மண்டிபோட்டாள். இத்தனை வருஷமும் அவன் சொன்ன வார்த்தையை அவள் சொன்னாள்.

"வா! உன் வீடுதான் இது, நல்லா வா!"

மழை பெய்தது. மேட்டுக்கு அப்பாலிருந்து மாலக்கியின் ஆடு ஒன்று கத்தியது.

"வா! உன் வீடுதான் இது, நல்லா வா!"

மூன்றாவதை அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டால், அதற்கும் பதில் இல்லாவிட்டால், அப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. அதைப் பல்லுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வெளிச்சம் முடியும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிஜித், நீ வர வேண்டாம், இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வரவே வேண்டாம், அவனைத் திருப்பி அனுப்பு, உன் பசுவை விட்டு முட்டியாவது அனுப்பு என்று உள்ளுக்குள் மன்றாடினாள். முட்டி மரத்துப்போனது. அடுப்பில் ஒரு கட்டி சரிந்து விழுந்தது. அவள் திரும்பவில்லை.

கல்சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சளசளத்தது. நின்றது. மறுபடி சளசளத்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவன் எழுந்தான். தலையில் தொப்பி இல்லை. சட்டை மார்புவரை ஏரித் தண்ணீரில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, அதற்குமேல் மழை மட்டும்தான் நனைத்திருந்தது. சுவரைத் தாண்ட அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. வெளிச்சத்துக்குள் வந்ததும் கண்கூசியவன் மாதிரி நின்றான். டெலியா எழுந்து ஓட நினைத்தாள், கால் அசையவில்லை. அசைந்தால் மிரண்டு திரும்பிவிடுவானோ என்றும் பயமாக இருந்தது. அவன் ஒவ்வொரு அடியாக முற்றத்தைக் கடந்து வாசல்வரை வந்து அங்கேயே நின்றுகொண்டான். கையைத் தூக்கி, அகலத் திறந்து கிடந்த கதவைத் தட்டினான்.

"குளிருது, டெலியா," என்றான்.

அவள் மூன்றாவதைச் சொன்னாள். முழுதாக வரவில்லை, வந்தவரை சொன்னாள். அவன் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. அவன் கால்சட்டையிலிருந்து வடிந்த ஏரித் தண்ணீர் வாசற்கல்லில் தேங்கி நிறைந்து, விளிம்பைத் தாண்டி, அவள் மண்டியிட்டிருந்த பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.